தோல் ரப்பர் இல்லை: அப்பத்தாவின் புறங்கையும் தண்டட்டிக் காதும்

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நர்சிங் முதலாண்டு படிக்கிறாள், என்னிடம் கேட்ட கேள்வி இது. தோலைக் கிள்ளி விட்டுப் பார்க்க வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடனே படுத்துவிட்டால் உடம்பில் தண்ணீர் போதுமானபடி இருக்கிறது. மெதுவாகப் படுத்தால் வற்றியிருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பத்தாவின் புறங்கையில் செய்து பார்த்தாளாம். தோல் கூடாரம் அடித்த மாதிரி அப்படியே நின்றதாம். அப்பத்தாவோ அன்று காலையில்தான் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, ஒரு சொம்பு நீச்சத்தண்ணியும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்.

"தோல் ரப்பர் மாதிரிதானே அண்ணே? வயசானா ரப்பர் இப்படி ஆயிருமா? சின்ன வயசுல தண்டட்டி போட்டு வளர்த்த காது, கழட்டி முப்பது வருசம் ஆகியும் ஏன் மேல ஏறவே இல்ல? எண்ணெய் தேய்ச்சா சரியாகுமா?"

நான்கு கேள்விகளும் சேர்ந்து ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. நான் மதுரையில் இருபத்திரண்டு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். தோலையும் தசைநாணையும் மூட்டுச் சவ்வையும் அளவாக இழுத்து, அளவாக அழுத்தி, மறுபடி வேலை செய்ய வைப்பதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. அப்பத்தாவுக்குத் தண்ணீர் குறையவில்லை. அந்தக் கிள்ளல் சோதனை முக்கியமாக வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கானது. தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலை மடித்து விட வேண்டும். மடிப்பு மறைய 2 நொடிக்கு மேல் ஆனால் நிலைமை மோசம் என்று கொள்வார்கள். அதுகூட மெலிந்த குழந்தையிடம் ஏமாற்றும், கொழுத்த குழந்தையிடமும் ஏமாற்றும். முதியவர்களின் புறங்கையில் அது பெரும்பாலும் பொய்தான் சொல்லும். சந்தேகமாக இருந்தால் நெஞ்செலும்பின் மேல் உள்ள தோலைக் கிள்ளிப் பாருங்கள். நாக்கு காய்ந்திருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். புறங்கையை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

சரி, ஏன் பொய் சொல்கிறது?

ரப்பர் பேண்டை இழுத்தால் ஆரம்பம் முதலே எதிர்க்கும். தோல் அப்படி இல்லை. வலது கை விரல்களால் இடது முழங்கைத் தோலை இழுத்துப் பாருங்கள். முதலில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கூடவே வரும். ஓர் இடம் வந்ததும் சட்டென்று "போதும்" என்று நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் நீளாது, வலிக்கத்தான் செய்யும். வெங்காயம் வாங்கும் வலைப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கத் தொடங்கும்போது நூல் நீளுவதில்லை, கண்ணிகளின் வடிவம்தான் மாறுகிறது. சதுரமாக இருந்தது ஒடுங்கிக் கோடாகிறது. எல்லா நூலும் இழுக்கும் திசைக்கு வரிசையாக வந்து நின்ற பிறகுதான் நூலின் உண்மையான பலம் வேலைக்கு வருகிறது. எவ்வளவு இழுத்தோம், எவ்வளவு எதிர்த்தது என்று வரைபடம் போட்டால், தரையோடு போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று செங்குத்தாக எழும்பும்.

தோலின் மேலே தெரிவது மெல்லிய மேல்தோல். அதற்கு அடியில் இருக்கும் உள்தோல்தான் பாரம் தாங்குகிறது. அதன் ஈரத்தை எடுத்துவிட்டு எடை போட்டால் முக்கால் பங்குக்குக் கிட்ட கொலாஜன் என்ற புரதம். நூறில் இரண்டு முதல் நான்கு பங்கு எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம். இந்த இரண்டுக்கும் நடுவே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ். கொலாஜன் தாம்புக் கயிறு மாதிரி. சுருண்டு கிடக்கும், ஆனால் விறைத்துவிட்டால் அசையாது. எலாஸ்டின்தான் ரப்பர். கொலாஜனின் விறைப்பு எலாஸ்டினின் விறைப்பைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆக, சின்ன இழுப்புக்கு எலாஸ்டின் பதில் சொல்லும். பெரிய இழுப்புக்குக் கொலாஜன் பதில் சொல்லும். நீங்கள் கிள்ளி விடும்போது தோலைத் திரும்ப இழுத்துப் படுக்க வைப்பது, நூறில் நான்கு பங்குகூட இல்லாத அந்த எலாஸ்டின்.

பலத்தையும் ஒரு கணக்காகச் சொல்லிவிடுகிறேன். மனித முதுகுத் தோலை அறுபடும் வரை இழுத்துப் பார்த்த சோதனைகளில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ பாரம் வரை தாங்கியிருக்கிறது. அதாவது ஒரு சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பட்டை, 40 கிலோ எடையுள்ள ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண்களில் கொலாஜன் எல்லாம் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால் அவை இதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் நாணைக் குறுக்கே இழுத்தால் கீறிக்கொண்டு போகும். தோல் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்க வேண்டியது. அதனால்தான் அதில் நார் வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது.

இழுவிசைக்கு ஏற்ப நீளம் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் சொன்னது பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். உடம்பின் திசுக்கள் அந்தக் கோட்டில் நடப்பதில்லை என்பதை வெர்த்தைம் என்பவர் 1847இலேயே அளந்து காட்டிவிட்டார். அதற்குச் சரியான கணக்கு எழுத இன்னும் நூற்றுச் சொச்சம் வருடம் ஆனது. எழுதியவர் ஒய். சி. ஃபங், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் விமான இறக்கைகளின் அதிர்வைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவருடைய தாயாருக்குக் கண் நீர் அழுத்த நோய் வந்தது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கியவர், கடைசியில் விமானத்தை விட்டுவிட்டு உடம்பின் இயந்திரவியலுக்கே வந்துவிட்டார். முயலின் குடலைத் தாங்கும் சவ்வை இழுத்துப் பார்த்து அவர் 1967இல் சொன்னது எளிமையானது: எவ்வளவு இழுபட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அது விறைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போல.

அவர் தாயாருக்கு வந்த அதே நோய்க்காக நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையில் தினம் எத்தனையோ பேர் கண்ணில் அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்கள். நீல வெளிச்சத்தில் கருவிழிக்கு எதிரே ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து தொடுவார்களே, அது கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறது. கருவிழியும் கொலாஜன்தான். அது சராசரியைவிடத் தடிமனாக இருந்தால், உள்ளே அழுத்தம் சாதாரணமாக இருந்தாலும் கருவி அதிகமாகக் காட்டும். மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். அதனால்தான் கருவிழியின் தடிமனையும் சேர்த்து அளக்கிறார்கள். அப்பத்தாவின் புறங்கை உங்களிடம் பொய் சொன்னதும் இதே வகைதான். உள்ளே இருக்கும் தண்ணீரை அளக்கப் போய், மேலே இருக்கும் பொருளை அளந்துவிட்டீர்கள்.

அந்தப் பொருளுக்கு வயதாகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன்.

எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்து முடித்துவிடுகிறது. வளர்ந்த பிறகு ஒழுங்கான புது எலாஸ்டின் நார் அநேகமாக வருவதில்லை. முதலில் போட்டதுதான் ஆயுசுக்கும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கும் ரத்தக் குழாய்க்கும் இதே கதிதான். வயதானால் ரத்தக் குழாய் விறைத்து மேல் அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். தோலில் இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. புற ஊதாக் கதிர் எலாஸ்டினைச் சிதைத்து, வேலைக்கு ஆகாத உருண்டைகளாக்கிக் குவித்துவிடும். இதை நீங்களே பார்க்கலாம். அப்பத்தாவின் மேல்கையின் உள்பக்கத்தை, ரவிக்கைக் கைக்கு உள்ளே வெயில் படாத இடத்தை, மெதுவாகக் கிள்ளி விடுங்கள். புறங்கையைவிட எவ்வளவோ சீக்கிரம் படுத்துவிடும். ஒரே வயது, ஒரே உடம்பு, ஒரே தண்ணீர். அறுபது வருடமாகக் களையெடுத்த வெயில்தான் வித்தியாசம். வயலில் குனிந்தே வேலை செய்தவர்களின் பிடரியைப் பாருங்கள்; கட்டம் கட்டமாக ஆழமான கோடு விழுந்திருக்கும். அதுவும் இதுதான்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ரப்பர் பாகம் தேய்ந்துபோய்விட்டது என்பது பாதிப் பதில். கயிறு பாகத்துக்கும் வயதாகிறது. அது தேய்வதில்லை, ஒன்றோடொன்று பிணைந்துகொள்கிறது. இதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை, அடுப்படிக்குப் போனால் போதும்.

இளங்கறி அரை மணியில் வெந்துவிடுகிறது. முத்தல் கறி என்றால் குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் நார் நாராக நிற்கிறது. கொலாஜன் நார்களுக்கு இடையே வருடா வருடம் புதுப் பாலங்கள் விழுகின்றன. குட்டியில் குறைவு, கிழட்டு ஆட்டில் அதிகம். அதிலும் கிழடானதில் இருக்கும் பாலங்கள் சூட்டுக்கு எளிதில் அசையாதவை. ஆட்டுக்கால் பாயாவை விடிய விடிய அடுப்பில் வைப்பது ஏன்? காலில் இருப்பது நாணும் தோலும்தான், கிட்டத்தட்ட எல்லாம் கொலாஜன். அறுபது டிகிரி தாண்டியதும் அது முதலில் சுருங்கி இன்னும் விறைக்கும். பொறுமையாகக் கொதிக்கவிட்டால்தான் முறுக்குப் பிரிந்து ஜெலட்டினாகக் கரையும். பாயா குடித்த பிறகு உதடு ஒன்றோடொன்று ஒட்டுகிறதே, அந்தப் பிசுக்குதான் அவிழ்ந்த கொலாஜன்.

இதே பாலத்தை மனிதன் வேண்டுமென்றே போடும் இடம் திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், காய வைத்தால் பலகை ஆகும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையை ஊற வைத்த தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டையின் துவர்ப்பு கொலாஜன் நார்களைப் பிணைத்துவிடும். பிறகு அழுகாது, கொஞ்சம் சூடு பட்டாலும் சுருங்காது. செருப்பாகிறது, கமலை இறைக்கும் தோல்பையாகிறது.

உயிரோடு இருக்கும் உடம்பில் இந்த வேலையைச் சர்க்கரை செய்கிறது. சர்க்கரை நோய் வருடக்கணக்கில் கட்டுப்பாடில்லாமல் இருந்தால், ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை கொலாஜனில் ஒட்டி, வேண்டாத பாலங்களைப் போட்டுக்கொண்டே போகும். என்னிடம் தோள்பட்டை இறுகிப்போய் வருகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் நிறைய. வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, ஒரு வணக்கம் போடுங்க." கையைக் கூப்புவார்கள். நம் கையைக் கூப்பினால் உள்ளங்கையும் விரல்களும் அடியிலிருந்து நுனி வரை ஒட்டி நிற்கும். அவர்களில் சிலருக்கு விரல் நுனிகள் தொடும், உள்ளங்கைகள் தொடும், நடுவில் விரல்கள் மட்டும் வில்லாக வளைந்து இடைவெளி விட்டு நிற்கும். மேசைமேல் கையை அழுத்தி வைக்கச் சொன்னாலும் விரல்கள் மேசையில் படியாது. வலியே இருக்காது, அதனால் அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஐம்பது வருடமாகக் கோயிலில் கும்பிட்ட கை, எப்போது ஒட்டாமல் போனது என்று தெரியாமலே ஒட்டாமல் போயிருக்கும். நர்சிங் படிக்கிறவர் நீங்கள், இதை மறக்காதீர்கள். வணக்கம் போடச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம்.

இதே பிணைப்பு மருந்தாகவும் ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சில இளவயதினருக்குக் கருவிழி பலம் இழந்து கூம்பு போலப் பிதுங்கும். கண்ணில் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சொட்டு விட்டு, அளந்த புற ஊதாக் கதிரைக் காட்டி, கருவிழியின் கொலாஜனைப் பிணைத்து விறைக்க வைக்கிறார்கள். பிதுங்குவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இனி காது. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் என் அம்மாச்சிக்கும் தண்டட்டிக் காது. சின்னப் பிள்ளையில் காது குத்தி, துளையில் முதலில் பஞ்சுத் திரி வைப்பார்களாம். அப்புறம் பனையோலையைச் சுருட்டி வைப்பார்கள். ஓலைச் சுருள் சும்மா இருக்காது, விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். துளை கொஞ்சம் இடம் கொடுத்ததும் ஓலை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு மறுபடி மெல்ல அழுத்தும். இரவும் பகலும் விடாத, ஆனால் மிக மிதமான அழுத்தம். கொஞ்சம் பெரிதானதும் ஈயக் குணுக்கு. கனம் படிப்படியாக ஏறும். கடைசியில் தண்டட்டி. "காது எரிஞ்சா அவசரப்பட்டுட்டோம்னு அர்த்தம், ஒரு சுத்து குறைச்சு வையி" என்பது அம்மாச்சி சொல்லும் கணக்கு.

இந்தக் கணக்கு சரியானது. தோலும் நாணும் விசையை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் பார்க்கின்றன. ஒரே நீளத்துக்கு இழுத்துப் பிடித்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பு தானாகக் குறையும். ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால், நீளம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். நார்களுக்கு நடுவே இருக்கும் கூழும் தண்ணீரும் மெதுவாக நகர்ந்து வழிவிடுகின்றன, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. திடீரென்று இழுத்தால் தண்ணீருக்கு நகர நேரமில்லை. அதே திசு பல மடங்கு விறைப்பாக நிற்கும், அல்லது கிழியும். குணுக்கின் கனத்தை ஒரே நாளில் ஏற்றிய காது அறுந்துபோகும், மாதக்கணக்கில் ஏற்றிய காது தோள்வரை வளரும்.

இப்போது சுருக்கமாக உங்கள் கேள்விக்கு: இழுத்த இழுப்பு மட்டும் என்றால் காது மேலே ஏறியிருக்கும். நகையைக் கழற்றியதும் கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆனால் வாரக்கணக்கில் இழுபட்ட திசுவில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை இழுப்பை உணர்ந்து பிரிந்து பெருகுகின்றன, அந்த நீளத்துக்கு ஏற்பப் புதுக் கொலாஜனை நெய்துவிடுகின்றன. நம் மொழியிலேயே சரியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள், காது "வளர்த்தார்கள்" என்று. இழுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அப்பத்தாவின் காது நீண்டு நிற்பது இழுபட்டதால் மட்டும் இல்லை, வளர்ந்ததால். வளர்ந்த சதை எங்கே திரும்பும்? வேண்டுமென்றால் பிளாஸ்டிக் சர்ஜன் வெட்டி ஒட்டிக் கொடுப்பார், அது தனி.

இதே வழியை அறுவை சிகிச்சையிலும் செய்கிறார்கள். தலையில் ஒரு பகுதி வெந்து முடி இல்லாமல் போனால், பக்கத்திலிருக்கும் நல்ல தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பையை வைத்துத் தைப்பார்கள். வாரம் ஒருமுறை ஊசி வழியாகக் கொஞ்சம் உப்புநீர் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மேலே தோல் வளர்ந்துவிடும். பையை எடுத்துவிட்டு, வளர்ந்த தோலை இழுத்து மூடுவார்கள். பனையோலைக்குப் பதில் சிலிக்கோன், அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சியின் வயிறு ஒன்பது மாதத்தில் செய்வதும் இதுவே. அதன் வேகம் கொஞ்சம் கூடிவிட்ட இடங்களில்தான் உள்தோல் விரிசல் கண்டு கோடு கோடாகத் தழும்பு விழுகிறது.

நேரத்தை மதிக்காமல் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். பட்டாசு விபத்தில் முழங்கை வெந்த பையன், பதினாறு வயது. தீக்காயத் தழும்பில் கொலாஜன் வலையாக ஓடாது. ஒரே பக்கமாக, நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, சுருங்கவும் செய்யும். கை மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முன்னால் அவன் எழுத வேண்டும், சீக்கிரம் நீட்டிக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நான் அழுத்தினேன். தழும்பின் நடுவில் சிவப்பு போய் வெள்ளையாக ஒரு கோடு தோன்றியது. நான் நிறுத்தவில்லை. அடுத்த அழுத்தில் அந்தக் கோட்டிலேயே பிளந்தது. பையன் சத்தம் போடவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். காயம் ஆற மூன்று வாரம் ஆனது, ஆறியது முன்னைவிட இறுக்கமாக. அந்த வெள்ளைக் கோடு, இழுவிசையில் ரத்தக் குழாய்கள் நசுங்கி ரத்தம் விலகியதன் அடையாளம். அன்றிலிருந்து அதுதான் என் அளவுகோல். லேசாக வெளுக்கும் வரை போவேன், அங்கேயே பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். திசு இடம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அடுத்த நூலளவு. இரவு முழுக்க அதே நிலையில் வைக்க ஒரு பட்டை கட்டி அனுப்புவேன். குறைந்த பாரம், நீண்ட நேரம். அம்மாச்சியின் ஓலைச் சுருள்தான்.

தையல் போட்ட காயத்தைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் தையல் பிரிக்கும்போது புதுத் தோலுக்குப் பழைய பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் முக்கால்வாசி வரும். முழுசாக எப்போதும் வராது. தையல் பிரித்த மறுநாளே குடம் தூக்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

திசை என்று ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். சுங்குடிச் சேலையின் ஓரத்தைப் பாவு நூல் ஓடும் பக்கமாக இழுங்கள், நகராது. மூலைக்கு மூலை இழுங்கள், நீண்டு கொடுக்கும். தையல்காரர் கிராஸில் வெட்டுவது அதற்குத்தான். தோலுக்கும் நூலோட்டம் உண்டு. 1834இல் டூபுய்ட்ரன் என்ற பிரெஞ்சு மருத்துவர், உருண்டையான ஊசியால் தன்னையே குத்திக்கொண்ட ஒருவரின் மார்பில் காயங்கள் வட்டமாக இல்லாமல் நீள்கோடாக இருப்பதைக் கவனித்தார். 1861இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் இறந்தவர்களின் உடல் முழுக்க உருண்டைத் துளைகள் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு துளையும் எந்தப் பக்கம் நீள்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார். உடம்பின் மேல் தோல் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாக அதிகம் இழுபட்டு. அந்தக் கோட்டோடு வெட்டினால் காயம் வாய் பிளக்காது, தழும்பு மெல்லிசாக ஆறும். தைராய்டு ஆபரேஷன் தழும்பு கழுத்தில் குறுக்காக, சங்கிலி கிடக்கும் கோட்டிலேயே இருப்பதன் காரணம் இதுதான்.

கடைசியாக எண்ணெய். அப்பத்தாவின் புறங்கை மடிப்பை எண்ணெய் இறுக்காது. எந்த விலை கொடுத்து வாங்கும் கிரீமும் மேலே தடவி உள்தோலின் எலாஸ்டினைத் திரும்ப நெய்துவிடாது. ஆனால் எண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது, அது சின்ன வேலை இல்லை. தோலின் ஆக மேலே, செத்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும் ஒரு படலம் உண்டு. புறங்கையில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். குதிகாலில் பல மடங்கு தடிமன். ஈரமாக இருந்தால் அது துணி மாதிரி வளையும், காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். குதிகாலுக்கு அடியில் கொழுப்பு, சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைத்த மெத்தை. கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்த மெத்தை பக்கவாட்டில் பிதுங்கும். காய்ந்த ஓரத் தோல் கூடவே நீள முடியாமல் வெடிக்கும். பித்தவெடிப்பு பித்தத்தால் வருவதில்லை, இந்த இழுப்பால்தான் வருகிறது. ராத்திரி பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, துடைத்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். ஈரம் முதலில், எண்ணெய் அதைப் பூட்டி வைக்க. காய்ந்த காலில் எண்ணெய் மட்டும் தடவினால் பாதிப் பலன்தான்.

அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: கால் உணர்ச்சி. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன், தொழுநோயாளிகளின் கால் நோயால் அழுகுவதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஊன்றி ஊன்றித் திசு நைந்துபோகிறது என்பதைக் கண்டுகொண்டார். ஒரு தடவைக்கு ஒன்றும் செய்யாத மிதமான அழுத்தம், ஆயிரக்கணக்கான தடவை திரும்பினால் புண்ணாகும். நமக்குக் கால் உறுத்தினால் தெரியாமலே நடையை மாற்றிக்கொள்வோம், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கொப்புளம் வந்ததும் பாதத்தின் ஓரத்தில் நடப்பார்களே, அப்படி. உணர்ச்சி போனவர்களுக்கு அது முடியாது. இப்போது சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டு அந்த வேலையைச் செய்கிறது. தண்ணீரில் கால் வைக்கச் சொன்னேனே, உணர்ச்சி குறைந்தவர் என்றால் அதை ஊற வைக்காமல், கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் படாமல் எண்ணெய் தடவினால் போதும். சூட்டை அவர் கால் அறியாது. உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

வார்டில் போஸ்டிங் தொடங்கியதும் உங்களுக்கு இது உடனே உதவும். முதியவர் கையில் டிரிப் ஊசியை எடுக்கும்போது பிளாஸ்திரியை வெடுக்கென்று உரிக்காதீர்கள். வயதானால் மேல்தோலும் உள்தோலும் கோத்துக்கொண்டிருக்கும் மேடு பள்ளம் சமமாகிவிடும், பிடிப்பு குறைந்துவிடும். பிளாஸ்திரியோடு தோலும் வந்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் தோலோடு தோலாகப் பின்பக்கம் மடித்து, மெதுவாக உரியுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும்.